வெறுந்தரவை

மார்கழி மழை ஓய்ந்து, தை பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. யாழ்ப்பாண நகரிலிருந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சியிலுள்ள பாடசாலைக்குச் செல்வது எமது அன்றாட வழக்கம். அன்று காலை செம்மணி வளைவை அணுகியபோது, கண்டி வீதியோரத்தில் மோட்டார்ச் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் வரிசையாக நிற்பதைக் கண்டு துணுக்குற்றோம். வீதியிலே கூட்டங் கூடினால் நெஞ்சில் முதலில் எழுவது அச்சம். எமது தலைமுறைக்கு வாய்த்த பழக்கம் அது. ஆனால் அங்கு நின்றவர்களின் முகங்களில் அச்சத்தைக் காணோம். எல்லாரும் கைத்தொலைபேசிகளை உயர்த்திப் பிடித்தவாறு, வீதியை அடுத்த நீர்வெளியையே நோக்கிக்கொண்டிருந்தனர்.

நாமும் இறங்கினோம். ஆழங் குறைந்த உவர்நீரிலே பூநாரைகள் நின்றன. எண்ணிப் பார்த்தோம், இருநூறுவரை வந்தது. நெடிய கால்கள், நெடிய கழுத்து, வெண்மையோடு இளஞ்சிவப்புக் கலந்த உடல். தலைகளை நீருக்குள் தாழ்த்தியபடி, வயலிலே களை பிடுங்கும் பெண்களைப்போல, அவை வரிசை குலையாமல் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. நகரத்தின் மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து சில கிலோ மீற்றர் தூரத்திலே, பேருந்துகள் இரைந்து செல்லும் பெருவீதியின் அருகிலே இப்படியொரு காட்சி! அவை பறப்பதைப் படம்பிடிக்க விரும்பிய இளைஞன் ஒருவன் மண்ணாங்கட்டி ஒன்றை எடுத்து வீசினான். கூட்டம் முழுவதும் ஒருங்கே எழுந்தது. விரிந்த சிறகுகளின் செம்மையும் கருமையும் காலை வெயிலிலே தோன்றி மறைந்தன. வியந்து வாய்விட்டுக் கூவியவர்களுள் நாமும் ஒருவர். எறிந்த கையைத் தடுக்க மறந்தவர்களுள்ளும் ஒருவர்.

அன்று பத்தாந் தர வகுப்பிலே பாடநூலை மூடிவைத்துவிட்டு, கண்ட காட்சியைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். தமிழ் படித்தவர்க்கு நாரை என்றதும் நினைவுக்கு வருபவர் சத்திமுத்தப் புலவர்தாமே! கூடல் மாநகரிலே போர்க்கத் துணியின்றிக் குளிரில் நடுங்கிக் கிடந்த அந்த ஏழைப் புலவர், வடதிசை செல்லும் நாரையை விளித்து, ஊரிலே வறுமையோடு காத்திருக்கும் மனைவிக்குத் தம் நிலையைச் சொல்லுமாறு வேண்டிய கதையைச் சுவைபடக் கூறினோம். நாரையின் அலகுக்கு அவர் பிளந்த பனங்கிழங்கை உவமை சொன்ன நயத்தை விரித்துரைத்தோம். பனை நாட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன உவமை வேண்டும்? “இன்று காலை செம்மணியிலே கண்டது அந்தப் பறவையைத்தான்” என்று பெருமிதத்தோடு முடித்தோம்.

கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி எழுந்தான். கடனீரேரிக் கரையிலுள்ள மீனவர் குடியிருப்பிலிருந்து வருபவன். கட்டுரைப் பயிற்சியிலே அவன் பத்து வரிக்கு மேல் எழுதி நாம் கண்டதில்லை.

“சேர், பனங்கிழங்கு நேராயெல்லோ இருக்கும்? பூநாரையின்ரை சொண்டு வளைஞ்செல்லோ கிடக்குது?”

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்துச் சமாளிக்க முயன்றோம், இயலவில்லை. அவன் சொன்னது முற்றிலும் சரி. புலவர் பாடிய செங்கால் நாரை நேரிய, கூரிய, பவள நிற அலகுடையது. ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் கூடுகட்டி, குளிர்காலத்திலே தெற்கே வரும் வெண்ணாரையே அதுவென்பர் பறவையியல் அறிந்தோர். பூநாரை வேறோர் இனம். பல்கலைக்கழகத்திலே நான்காண்டு இலக்கியம் பயின்ற எம்மிடம் உவமை இருந்தது, பறவை இருக்கவில்லை. பறவை அவனிடம் இருந்தது.

“நீ அதை எங்கே கண்டாய்?” என்று கேட்டோம்.

“எங்கட பக்கம் வருசா வருசம் வாறதுதானே, சேர். மாரித் தண்ணி வத்தி உப்பு ஏறேக்கைதான் வரும். தண்ணி கூடிச்செண்டால் நிக்காது. அது மேயிற இடத்தைப் பாத்து, எங்கை எவ்வளவு தண்ணி நிக்குது எண்டு அப்பா சொல்லுவார்.”

வேறென்ன பறவைகள் உங்கள் பக்கம் வரும் என்று கேட்டோம். அவன் சொல்லச் சொல்ல நாம் கரும்பலகையில் எழுதினோம். கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், ஆக்காட்டி, ஊசிவால் வாத்து என்று பட்டியல் நீண்டது. உள்ளானில் மட்டும் நான்கு வகையைக் காலின் நிறத்தாலும் சொண்டின் நீளத்தாலும் பிரித்துச் சொன்னான். மணி அடித்தபோது பலகையில் பத்தொன்பது பெயர்கள் இருந்தன. அவற்றுள் ஐந்தாறு பெயர்கள் நாம் புரட்டிய அகராதிகள் எவற்றிலும் இல்லை. தமிழைக் கற்பிக்கச் சம்பளம் பெறுபவர் நாம். அன்று தமிழ் கற்றவரும் நாமே.

அன்றிரவு பறவை நூல்களைப் புரட்டிப் பார்த்தோம். மீனவச் சிறுவனின் சொல்லுக்கு ஒவ்வொரு நூலும் சான்று கூறியது. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகின் மேற்பக்கம் கீழாக வரும்படி வைத்து மேய்கின்றது. தடித்த நாக்கினால் நீரை உள்ளிழுத்து வெளியே தள்ள, அலகின் உட்புறத்திலுள்ள நுண்ணிய சீப்புப் பற்கள் சிற்றுயிர்களை வடித்து நிறுத்திக்கொள்கின்றன. உவர்நீரில் வாழும் சிறிய இறாலினங்களும் பாசிகளுமே அதன் உணவு. அவ்வுணவிலுள்ள நிறப்பொருளே சிறகிலே சிவப்பாக ஏறுகின்றது. குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம். சிவப்பு ஏறச் சில ஆண்டுகள் செல்லும். தொடக்கத்திலே தாயும் தந்தையும் தத்தம் தொண்டையிலே ஊறும் செந்நிறப் பாலை ஊட்டி வளர்க்கின்றன. அவ்வாறு ஊட்டும் காலத்திலே பெற்றோரின் சிறகு நிறம் வெளிறிப்போகின்றது. பெற்ற பிள்ளைக்காக வெளிறிப்போவது மனிதருக்கு மட்டும் உரியதன்று போலும்.

ஆகவே நீரின் ஆழமும் உப்பின் அளவும் சேற்றின் உயிர்வளமும் ஒருங்கே பொருந்தினாலன்றிப் பூநாரை ஓரிடத்தில் இறங்குவதில்லை. மாணவனின் தந்தை அதை ஓர் அளவுகோலாகக் கொண்டதிலே வியப்பில்லை. பட்டம் பெற்றவர் கருவி கொண்டு அளப்பதை அவர் பறவை கொண்டு அளக்கின்றார்.

இவை எங்கிருந்து வருகின்றன? பூநாரை இலங்கையிலே கூடு கட்டுவதில்லை. குஜராத்தின் கச்சு உவர்வெளியிலே பெருந்திரளாகக் கூடிச் சேற்றுமண்ணாற் கூடமைத்துக் குஞ்சு பொரிக்கின்றது. எமது கடனீரேரிகளுக்கு மாரிகாலத்தில் வரும் ஏனைய பறவைகளிற் பல இதனிலும் தொலைவிலிருந்து வருபவை. சைபீரியாவும் வடமுனை ஓரமும் மத்திய ஆசியாவும் அவற்றின் பிறப்பிடங்கள். 2021ஆம் ஆண்டிலே கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரிலே கடற்காக்கைகளுக்குச் செய்மதிக் கருவி பொருத்திப் பறக்கவிட்டனர். அவற்றுள் ‘மேகா’ என்று பெயரிடப்பட்ட பறவை, ஏறக்குறைய 8,000 கிலோ மீற்றர் கடந்து ரஷ்யாவின் வட கோடியிலுள்ள யமால் தீபகற்பத்தை அடைந்தது. அங்கே கூடுகட்டும் பறவைக்குக் குளிர்காலத்து வீடு எமது கடற்கரை. இலங்கைக்குத் தெற்கே அவற்றிற்குப் பெருநிலம் எதுவும் இல்லை, பெருங்கடல்தான் உண்டு. இங்கே இறங்க இடமில்லையென்றால் அவை வேறெங்கே போய் இறங்கும்?

செம்மணியிலே எடுத்த படங்கள் அன்று மாலைக்குள் ஊரெங்கும் பரவிவிட்டன. ‘நகருக்கு வந்த அரிய பறவைகள்’ என்று எல்லாரும் பேசினார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பூநாரை புதிதன்று. சுண்டிக்குளம் கடனீரேரி 1938ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. மண்டைதீவுக் கரையிலும் ஆனையிறவுப் பரப்பிலும் பூநாரைகளைக் கண்டவர் பலர். நகரத்தார் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் அவை வந்து நின்றதே அரிது. அந்த ஆண்டு மழை விட்டுச்சென்ற நீர், அந்த இடத்திலே, அவற்றின் காலுக்கு ஏற்ற அளவாக நின்றது, வந்தன. அவ்வளவே. நகரம் அவற்றை அழைக்கவுமில்லை, வரவேற்கவும் தெரிந்திருக்கவில்லை.

வந்த பறவை வராமற் போவதற்கு இந் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. தென்னிலங்கையின் பூந்தல கடனீரேரிகள் ஒருகாலத்திலே பூநாரைக்குப் பெயர்பெற்றவை. ஈரநிலங்களைக் காப்பதற்கென 1971ஆம் ஆண்டு ஈரானின் ராம்சார் நகரில் உருவான உடன்படிக்கையில் இலங்கை சார்பில் முதன்முதலாக, 1990ஆம் ஆண்டிலே, சேர்க்கப்பட்ட இடமும் பூந்தலவே. ஆனால் அதற்கு முன்னரே, 1980களிலே, லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத் திட்டம் நிறைவேறியிருந்தது. வயல்களிலிருந்து வடிந்த நன்னீரும் அதனோடு உரமும் மலல, எம்பிலிக்கல கடனீரேரிகளுக்குள் ஓடின. உப்புக் குறைந்தது, இறால் குறைந்தது, பூநாரைகள் ஆண்டுக்காண்டு குறைந்து, அவ்விடத்தைக் கைவிட்டன. எவரும் அவற்றைச் சுடவில்லை, எவரும் விரட்டவில்லை. நீரின் சுவை மாறியது. அதுவே போதுமாக இருந்தது.

இப்போது எமது தரவைக்கு வருவோம். யாழ்ப்பாணத்தார் வாயில் ‘தரவை’ என்ற சொல் எவ்வாறு வழங்குகின்றது என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். வீடு கட்டாத, தோட்டம் செய்யாத, வேலி அடைக்காத தாழ்ந்த வெளியே தரவை. செம்பாட்டு மண்ணிலே ஒரு பரப்புக் காணிக்கு வழக்காடும் நாம், கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும் உவர்த் தரவையை ஒருபோதும் காணியென்று மதித்ததில்லை. “அது சும்மா வெறுந்தரவை” என்போம். வெறுமை என்று பெயரிட்டுவிட்டால் பின் அங்கு எதைக் கொட்டினாலும் குற்றமில்லை. இடித்த வீட்டுக் கல், கோழிக்கடைக் கழிவு, பொலித்தீன் பைகள், கலியாண மண்டபத்து எச்சில் இலை எல்லாம் இரவோடிரவாகத் தரவைக்குச் செல்கின்றன.

பிறர் குற்றத்தை எழுதுமுன் எமது குற்றத்தை எழுதுவதே முறை. சென்ற ஆண்டு எமது பழைய சமையலறையை இடித்துப் புதிதாகக் கட்டினோம். இடித்த கல்லையும் சுண்ணாம்பையும் ஏற்றிச் செல்ல உழவு இயந்திரக்காரர் ஒருவர் வந்தார். “எங்கை கொட்டுறது, மாஸ்ரர்?” என்று கேட்டார். “எங்கையாவது தரவையிலை கொட்டிவிடுங்கோ” என்றோம். இரண்டு பெட்டி நிறைய ஏற்றிச் சென்றார். அவை எங்கே கொட்டப்பட்டன என்று நாம் கேட்கவில்லை. பூநாரைகளைக் கண்டு மகிழ்ந்த அன்று மாலை, திரும்பும் வழியிலே, நீரின் ஓரமெங்கும் மேடு மேடாகக் கிடந்த கற்குவியல்களைப் பார்த்தோம். அவற்றுள் எது எமது சமையலறை என்று எமக்குத் தெரியாது.

வெறுமை என்ற சொல் இதனினும் கொடிய காரியங்களுக்கு உதவியிருக்கின்றது. செம்மணி என்ற பெயரைக் கேட்டதும் பறவையை நினைப்பவர் எத்தனை பேர்? 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் தேதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்து சென்றது இந்த வீதியால்தான். அப்போது எமக்கு வயது ஆறு. தகப்பனாரின் சைக்கிளிலே மூட்டைகளுக்கிடையில் இருந்தபடி, இருபுறமும் விரிந்து கிடந்த கரிய நீரைக் கண்டு அஞ்சியது இன்னும் நினைவிருக்கின்றது. 1999ஆம் ஆண்டு இவ்வெளியை அகழ்ந்தபோது 15 பேரின் எச்சங்கள் கிடைத்தன. 2025 பெப்ரவரியிலே, செம்மணி சித்துப்பாத்தி மயானத்திற் கட்டட வேலைக்காக நிலத்தைத் தோண்டியவேளை மீண்டும் மனித எலும்புகள் வெளிப்பட்டன. அவ்வாண்டு நடந்த அகழ்வுகளிலே இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் காணப்பட்டன. சிறு பிள்ளையின் எலும்புகளோடு நீல நிறப் புத்தகப் பை ஒன்றும் இருந்தது. நாள்தோறும் நாற்பது புத்தகப் பைகளைப் பார்ப்பவர் நாம். அதைப் பற்றி மேலும் எழுதக் கை கூசுகின்றது. இது வெறும் வெளி, இங்கே எதைப் புதைத்தாலும் கேட்பாரில்லை என்று எண்ணித்தானே புதைத்தார்கள்? குப்பை கொட்டுவதையும் மனிதரைப் புதைத்ததையும் ஒரு தட்டில் வைத்து நிறுக்க நாம் வரவில்லை. ஆயினும் ஒரு நிலத்தை வெறுமையென்று ஒப்புக்கொள்ளும் சமூகம், அந் நிலத்தில் என்ன நடக்கின்றது என்று கேட்கும் உரிமையையும் உடன் கைவிட்டுவிடுகின்றது என்பதை மறத்தற்கில்லை.

போர்க் காலத்திலே பறவைகள் நிம்மதியாக இருந்தன, மனிதர் வந்ததால்தான் குறைந்தன என்று சொல்வாரும் உளர். அந்த நிம்மதி யாரை வெளியேற்றிப் பெற்ற நிம்மதி? கண்ணிவெடியின் காவலிலே மேய்ந்த பறவையை எடுத்துக்காட்டி எம்மை எவரும் மயக்க வேண்டாம். மக்களும் பறவைகளும் ஒருங்கே வாழும் தரவையே எமக்கு வேண்டும்.

அந்த மக்கள் யார்? மேட்டு நிலம் உடையவர்க்கு. தாழ்நிலம் இல்லாதவர்க்கு என்பது இக் குடாநாட்டின் எழுதாச் சட்டம். கடலையும் கடனீரேரியையும் நம்பிப் பிழைப்போரும், இடம்பெயர்ந்து வந்து காணியின்றி நின்றோரும் தரவையின் விளிம்பிலேயே குடியேறினார்கள். அன்று வகுப்பிலே எழுந்து பேசிய மாணவனின் வீடும் அத்தகையதே. தரவையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருமாறு வகுப்பிற்குச் சொல்லியிருந்தோம். நகரத்துப் பிள்ளைகள் பூநாரையின் அழகை இரண்டு பக்கம் எழுதினார்கள். அவன் ஒரு பக்கம் எழுதினான். அவனைப் பொறுத்தவரை அது பெருங்காவியம். அதன் சாரம் இதுதான்: முன்பு மழைத் தண்ணீர் அவர்கள் வீட்டைத் தாண்டித் தரவைக்குப் போகும், ஓரிரு நாளில் வடிந்துவிடும். இப்போது தரவையின் ஓரத்தைக் கல்லும் குப்பையும் நிரப்பிவிட்டதனால் தண்ணீர் போக வழியில்லை. ஒவ்வொரு கார்த்திகையிலும் அவர்கள் புத்தகங்களைக் கட்டிலின்மேல் வைத்துவிட்டு, பாடசாலைக் கட்டடமொன்றிலே போய்ப் படுக்கின்றார்கள். கடைசி வரியை அவன் எழுதியபடியே தருகின்றோம்: “தரவை நிரம்பினால் தண்ணீருக்கு எங்கள் வீடுதான் தரவை.”

நாம் திருத்துவதற்குச் சிவப்பு மையை எடுத்தோம். திருத்த எதுவும் இருக்கவில்லை.

குடாநாட்டின் நீர்க்கணக்கு எளிதானது. இங்கு வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறுங்கூட மாரியில் மட்டும் ஓடுவது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,250 மில்லி மீற்றர் மழை. அதன் பெரும் பகுதி ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையிலான மூன்று மாதங்களிலே கொட்டித் தீர்கின்றது. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடே இறங்கும் நீர், கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல் மிதக்கின்றது. அதுவே எமது கிணறு. அதுவே எமது குடிநீர். இறங்க இயலாது மிஞ்சும் நீர் குளத்திலும் வெள்ளவாய்க்காலிலும் ஓடித் தரவையில் பரந்து, பின்னர் கடலைச் சேர்கின்றது. வெள்ளத்தை ஏந்தும் பெருந்தட்டு தரவை. 2008 நவம்பரிலே நிஷா புயலும் 2020 டிசெம்பரிலே புரேவிப் புயலும் கொணர்ந்த மழையிலே குடாநாடு பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டோம். அந்தத் தட்டை நாமே கல்லால் நிரப்பிவிட்டு, வெள்ளம் வந்ததும் வானத்தை நோவதிலே பொருளுண்டோ?

கடலுக்கு அப்பால் சென்னையைப் பாருங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் ஒருகாலத்திலே வெறும் நிலமென்றே எண்ணப்பட்டது. பெருங்குடிக் குப்பைமேடு அதன்மீது எழுந்தது; வீதிகளும் மாடி வீடுகளும் அலுவலகங்களும் எழுந்தன; பரப்பின் பெரும் பகுதி மறைந்தது. 2015 டிசெம்பர் வெள்ளத்திலே அப் பகுதிகளில் வாழ்ந்தோர் அடைந்த துன்பத்தை உலகறியும். எஞ்சிய சதுப்பு 2022ஆம் ஆண்டிலேதான் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. இங்கே கொழும்பு நகரமோ 2018ஆம் ஆண்டிலே உலகின் முதற் பதினெட்டு ஈரநில நகரங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. தலைநகரின் சதுப்பு வெள்ளத்தைத் தாங்கும் செல்வம் என்று மதிக்கப்படும்போது, எமது தரவை மட்டும் ஏன் குப்பைக்கூடையாக இருத்தல் வேண்டும்?

இவ்விடத்திலே ஒரு கடினமான கேள்வியைத் தட்டிக் கழித்தல் நேர்மையாகாது. குடாநாட்டுக்குக் குடிநீர் வேண்டும். 1950களிலே பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டத்தின் உயிர்நாடி, ஆனையிறவுக் கடனீரேரியிலே கனகராயன் ஆற்று நீரைத் தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொணர்ந்து, உவர்நீரைக் காலப்போக்கில் நன்னீராக்குவதாகும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன; திட்டம் முழுமை பெறவில்லை. அது நிறைவேறினால் கிணறுகள் இனிக்கலாம், தோட்டங்கள் தழைக்கலாம். ஆனால் பூந்தலவிலே நிகழ்ந்தது இங்கும் நிகழாதா? பூநாரை போனால் போகட்டும், மனிதனுக்கு நீர் வேண்டும் என்று சொல்லிவிடுவது எளிது. உவர்நீர் போனால் இறாலும் போகும். இறாலை நம்பியிருக்கும் வலையும் போகும். ஆகவே இது மனிதனுக்கும் பறவைக்கும் இடையிலான வழக்கன்று. கிணற்றை நம்பியிருக்கும் மனிதனுக்கும் வலையை நம்பியிருக்கும் மனிதனுக்கும் இடையிலான வழக்கு. தாகத்துக்கு நீர் வேண்டாமென்று சொல்ல நாம் யார்? எந்தப் பரப்பு நன்னீராக வேண்டும், எந்தப் பரப்பு உவராகவே இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மேசையிலே தோட்டக்காரருக்கு நாற்காலி இருப்பதுபோல மீனவருக்கும் நாற்காலி இருக்க வேண்டும் என்பதே எமது வாதம். பறவைக்காகப் பேசவும் அவரே தகுதியுடையவர்.

சட்டம் போட்டுக் காத்துவிடலாமே என்பர் சிலர். சுண்டிக்குளம் 2015ஆம் ஆண்டிலே தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. நல்லதே. ஆயினும் ‘சரணாலயம்’, ‘ஒதுக்கிடம்’ என்ற சொற்கள் வடபகுதி மக்களின் காதிலே எவ்வாறு ஒலிக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். வேலியும் எல்லைக் கல்லும் அறிவிப்புப் பலகையும் கண்டு, தம் காணியை இழந்து பல்லாண்டு அலைந்த மக்கள் இவர்கள். பறவையின் பெயராலும் காணி போய்விடுமோ என்று அவர்கள் அஞ்சினால், அந்த அஞ்சலை அறியாமை என்று ஏளனஞ் செய்தல் தகாது. மக்களை வெளியேற்றிக் காக்கும் பறவையை அம் மக்கள் நேசிக்கப் போவதில்லை.

வேறொரு வழியும் உண்டு. தமிழ்நாட்டு வேடந்தாங்கல் ஏரியிலே பறவைகளைக் காத்தவர்கள் அவ்வூர் உழவர்களே. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். வெள்ளையர் வந்து சுட்டபோது முறையிட்டு, 1798ஆம் ஆண்டிலேயே கலெக்டரிடம் எழுத்துமூலம் உறுதி பெற்றார்கள். சிவகங்கைப் பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகள் கலையுமென்று தீபாவளிக்கும் வெடி கொளுத்துவதில்லை. அவர்களுக்குப் பறவை காட்சிப்பொருளன்று, ஊரிலே ஒருவர். எமது மீனவச் சிறுவனின் தந்தைக்கும் பூநாரை அவ்வாறே. அந்த உறவைக் கண்டுபிடித்துப் போற்றுவதை விடுத்து, கடற்கரைக்குப் பாதுகாப்பைக் கொழும்பிலிருந்தோ கந்தோரிலிருந்தோ கொண்டுவர முயல்வது, கொல்லன் தெருவிலே ஊசி விற்பதை ஒக்கும்.

பூநாரைகள் அவ்வாண்டு மூன்று கிழமை மட்டும் செம்மணியில் நின்றன. நீர் வற்றியதும் போய்விட்டன. கரும்பலகையில் எழுதிய பத்தொன்பது பெயர்களையும் பிள்ளைகள் ஒரு பெரிய தாளிலே படத்தோடு எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கின்றார்கள். அகராதியில் இல்லாத பெயர்களுக்கு நேரே, சொன்னவரின் ஊரை எழுதியிருக்கின்றார்கள். இப்போது பட்டியல் முப்பத்தொன்றாகியிருக்கின்றது. தரவையின் ஓரத்திலே கல் கொட்டுவதைத் தடுக்குமாறும், கொட்டுவதற்கு வேறோர் இடத்தைக் காட்டுமாறும் வகுப்பு முழுவதும் கையெழுத்திட்டு உரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பியது. மறுமொழி இன்னும் வரவில்லை. விண்ணப்பத்தின் முதற் கையெழுத்து கடைசி வாங்கு மாணவனுடையது.

சென்ற மாதம் எமது வீட்டுப் பழைய மதிலும் இடிந்து விழுந்தது. அதே உழவு இயந்திரக்காரர் வந்து, “எங்கை கொட்டுறது, மாஸ்ரர்?” என்று கேட்டார். இம்முறை எம்மிடம் விடை இல்லை. “தரவையிலை வேண்டாம்” என்றோம். “அப்ப எங்கை?” என்றார். அவர் கேட்டது நியாயமே. ஏழு மைல் சுற்றினாலும் கொட்டுவதற்கு ஓரிடத்தை இந்த ஊர் அவருக்கு வகுத்துக் கொடுக்கவில்லை. கொட்டாவிட்டால் அவருக்கு அன்றைய கூலி இல்லை. அரைநாட் கூலியைக் கொடுத்து அனுப்பினோம். அது தீர்வன்று என்பதை அவரும் அறிவார், நாமும் அறிவோம். மதிற் கல் இன்னும் எமது வளவின் மூலையிலே குவிந்து கிடக்கின்றது. மாரி தொடங்குமுன் ஒரு வழி காண வேண்டும்.